குளிர் அறையில் மூன்று ஊசி

ஓசூர் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் எனக்கு வேலை. வெட்டி வரும் பூவை இருபது இருபதாகக் கட்ட வேண்டும். மற்றவர்கள் பத்துப் பத்தாக இரண்டு தடவை எடுப்பார்கள். நான் இருபது காம்பையும் ஒரே கையில் பிடித்துவிடுவேன்.

"அக்காவுக்குக் கையில்ல, மொறம்" என்பார் சூப்பர்வைசர்.

கை எப்போது அப்படி ஆனது என்று தெரியாது. மெட்டி இறுகிப்போய் வெட்டித்தான் எடுத்தார்கள். பல்லுக்கு நடுவில் சந்து விழுந்தது. பல் டாக்டரிடம் போனேன். அவர் பல்லை விட்டுவிட்டு முகத்தையே பார்த்தார். பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி. அதில் கட்டி. ஆளை வளர்க்கிற சுரப்பை அது அளவில்லாமல் விடுகிறது. அதனால்தான் கை, கால், தாடை எல்லாம் பெருக்கிறது. மூக்கு வழியாகப் போய்க் கட்டியை எடுக்க வேண்டும். சரி என்றேன்.

அதற்குள் மயக்க மருந்து டாக்டர் வந்தார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார்.

"நாக்கு, தொண்டையெல்லாம் பெருத்துப் போயிருக்கும்மா. மயக்கம் குடுத்தா மூச்சுக்குக் கொழாய் எறக்கணும், அது கஷ்டம். மூணு மாசம் ஊசி போட்டுட்டு வாங்க. வீக்கம் கொறையட்டும்."

திரும்பி வரும் பஸ்ஸில் வீட்டுக்காரர் சொன்னார்.

"கட்டி மூளைகிட்ட. இவரு தொண்டையப் பாக்கறாரு. ஒனக்குப் புரியுதா?"

"இல்ல."

"எனக்கும் இல்ல."

மூன்று ஊசியையும் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்திருந்தார்கள். குளிரில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் ஓடி வருஷமாகிறது. பண்ணையில் பூ வைக்கும் குளிர் அறை உண்டு. சூப்பர்வைசரிடம் கேட்டேன்.  அவர் மருந்து அட்டையில் போட்டிருந்த குளிர் அளவையும் அறை மீட்டரையும் பார்த்தார். கடைசி ரேக்கில் அவரே வைத்தார்.

"பேரு எழுதி ஒட்டிடுக்கா. ரோசாவோட சேத்து ஃபிளைட்ல ஏத்திடப் போறானுங்க."

மாதம் ஒன்றை ஐஸோடு பூ அட்டைப்பெட்டியில் வைத்து சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோவேன்.

"இன்னாம்மா, ஊசி கொண்டாரச் சொன்னா பூ கொண்டாந்திருக்கிற" என்றார் நர்ஸ்.

முதல் ஊசிக்கு இரண்டு நாள் வயிறு போனது. பிறகு தலைவலி குறைந்தது. வேர்வை குறைந்தது. இரண்டாவது ஊசிக்குப் பிறகு ஒரு காலையில் வீட்டுக்காரர் கேட்டார்.

"நீ தூங்குனியா இல்லியா? கொறட்டையே காணம்."

மூன்றாவது போட்டுச் சில வாரம் கழித்து, கட்டும்போது நாலு காம்பு கையிலிருந்து நழுவியது. மறுபடி பிடித்தேன். மறுபடி நழுவியது.

"இன்னாக்கா, மொறம் சுருங்கிடுச்சா?"

பொறுக்கி எடுத்தேன். சந்தோஷப்பட வேண்டுமா என்று தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு அடுத்த வாரம் நாள் குறித்திருந்தது. வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

"ஊசியிலயே சரியாவுது. அப்பறம் எதுக்கு மூக்குல கத்தி?"

 போவதா வேண்டாமா என்று பஸ் ஏறும் வரைக்கும் தெரியாது. டாக்டரையே கேட்டுவிடலாம் என்று ஏறினோம்.

"ஊசி கட்டியை எடுக்கலம்மா. அடக்கி வெச்சிருக்கு. நிறுத்துனா திரும்ப வீங்கும்" என்றார் டாக்டர்.

"நிறுத்தாமயே போட்டா?" என்றார் வீட்டுக்காரர்.

"போடலாம். சில பேருக்கு அதான் வழி. இவங்களுக்குக் கட்டி எடுக்கற மாதிரி இடத்துல இருக்கு. எடுத்துடறது நல்லது."

அதுவும் சரி, இதுவும் சரி என்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"நீயே சொல்லு."

அப்போது அந்த மயக்க மருந்து டாக்டர் வந்தார். வாயைத் திறந்தேன். டார்ச் அடித்தார்.

"இப்ப பரவால்ல. கொழாய் எறங்கும்" என்றார்.

மூன்று மாதம் இதற்குத்தானே போட்டது. அடைத்திருந்தது திறந்திருக்கிறது. திறந்திருக்கும்போதே போய்விடலாம் என்று பட்டது. வேறு காரணம் எனக்குத் தெரியாது.

"பண்ணிக்கறன்" என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

எடுத்துவிட்டார்கள். ஒன்றரை மாதம் கழித்து வேலைக்கு வந்தேன். இப்போது ஒரு கையில் பன்னிரண்டு பூதான் நிற்கிறது. மிச்சத்துக்கு இன்னொரு கை வேண்டும். இதில் ஊசி செய்தது எவ்வளவு, கத்தி செய்தது எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. ஊசி இன்னும் தேவைப்படுமா என்று ரத்தம் பார்த்துத்தான் சொல்வார்களாம். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

சூப்பர்வைசர் குளிர் அறைக் கதவைத் திறந்து காட்டினார்.

"ஊசி வெச்ச எடத்த காலியாவே வெச்சிருக்கன்கா. வேணுமா?"



"பூ வெய்யி தம்பி" என்றேன்.