நடுச்சுவரில் விட்ட வழி

சென்னியம்மாள் பாலைக் கறந்து கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பால் சொசைட்டி வீட்டுக்கு எதிரேதான். இருபது வருடமாக ரோட்டைத் தாண்டிப் போய் ஊற்றியவள். ரோட்டை அகலப்படுத்தி நடுவில் மார்பளவுச் சுவர் வைத்தபின், அதில் வழி விட்ட இடம் வரை போய் ஒன்றரை மைல் சுற்ற வேண்டியிருந்தது. இன்று போய்ச் சேர்வதற்குள் பால் ஊற்றும் நேரம் முடிந்துவிட்டது. கேனைத் திரும்பச் சுமந்து வந்தாள்.

கணவர் மாரப்பன் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, சுவத்துல எங்க வழி உடறதுன்னு அளவெடுக்க வந்தவரு உங்களத்தான கேட்டாரு?"

"கேட்டாரு."

"'உங்க சௌரியமுங்க'ன்னு காப்பி குடுத்து அனுப்புனீங்க. அவரு சௌரியத்துக்கு அங்க கொண்டுபோய் உட்டுப்போட்டாரு."

"வந்த மனுசங்கிட்ட கறாரா பேச முடியுமா அம்மணி?"

"அப்ப நாளைக்குப் பால நீங்க கொண்டுபோறீங்களா?"

மாரப்பன் பேப்பரை மடித்து வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.