மூர்த்தியிடம் சொல்லாமல் விட்ட கோட்டை

கலியமூர்த்தி தவறிவிட்டார் என்று பழைய அலுவலக நண்பர் போனில் சொன்னபோது, நான் சிதம்பரத்தில் வீட்டு வாசலில் நின்று கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். முதலில் மனதில் வந்தது துக்கம் இல்லை. 'ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போவதாக இருந்தேனே' என்பதுதான் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தேன். அவரோடு வேலை பார்த்த உங்களிடம் இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு மனம் வரவில்லை.

கடலூர் அலுவலகத்தில் அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. சொந்தம் எதுவும் கிடையாது. ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே என்னை மச்சான் ஆக்கிவிட்டார். அவர் மனைவி ராஜேஸ்வரி அந்தக் கணக்கில் எனக்குத் தங்கச்சி ஆனது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து மூர்த்தி தினமும் மொபெட்டில்தான் வருவார். பஸ் அவருக்கு ஆகாது, ஏறி உட்கார்ந்தால் நெல்லிக்குப்பம் வருவதற்குள் குமட்டும். ரயிலும் அப்படித்தான். அதனால் மொபெட் போகிற தூரம்தான் அவர் கண்ணால் பார்த்த உலகம். மீதியை நாம்தான் அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அது லேசான வேலை இல்லை என்பது உங்களுக்கே தெரியும். நம்மில் ஒருவர் காசிக்குப் போய்வந்து கங்கை, கோயில், படித்துறை என்று ஆரம்பித்தார். மூர்த்தி கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் காலண்டர்லயே இருக்குது. நீ மொதல்லேருந்து சொல்லு. கடலூர்ல பஸ் ஏறினியே, பக்கத்து சீட்ல யாரு?" என்றார். காசிக்காரருக்குத் தெரியவில்லை. "அவ்ளோ தூரம் போனவன் பக்கத்துல இருந்தவன பாக்கலியா?" என்று மூர்த்தி நிஜமாகவே வருத்தப்பட்டார். அதன் பிறகு நாம் எல்லோரும் எங்கே போனாலும் பக்கத்து ஆளைக் கவனிக்க ஆரம்பித்தோம், வந்தால் இவர் கேட்பாரே என்று.

என் மகள் பிரிட்டனில், வேல்ஸ் பக்கம் ஒரு சின்ன கிராமத்தில் இருக்கிறாள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன வருஷம் நானும் என் மனைவியும் அங்கே போவதென்று முடிவானதும் மூர்த்தியிடம் சொல்லப் போனேன். அங்கே பழைய கோட்டை ஒன்று இருக்கிறதாம், உனக்கு என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டேன். "ஒண்ணும் வேணாம். கோட்டையில கெணறு எங்கன்னு பாத்துட்டு வா. எதிரி வெளிய சுத்தி ஒக்காந்துட்டா உள்ள இருக்கறவன் தண்ணிக்கு என்னா பண்ணுவான்? அத வந்து சொல்லு மச்சான், போதும்" என்றார்.

அந்த ஊர்ப் பெயர் இன்றுவரை எனக்கு வாயில் நுழையவில்லை. ஒரே தெரு, கல் வீடுகள், ஒரு சின்னத் தேவாலயம், ஆட்களைவிட ஆடுகள் ஜாஸ்தி. ஆற்றோரத்தில் துறவிகள் வாழ்ந்த மடம் ஒன்று பாழடைந்து நின்றது. கூரை போய், தூண்களுக்கு நடுவே புல் வளர்ந்திருந்தது. பூசை நடந்த இடத்தில் நாங்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றோம். கோட்டை ஒரு குன்றின் மேல் இருந்தது. மகளும் மனைவியும் மதில்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் கிணற்றைத் தேடினேன். டிக்கெட் கொடுத்த அம்மாளிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அவரே கூட வந்து காட்டினார். முற்றத்து மூலையில் பாறையைக் குடைந்து இறக்கியிருந்தார்கள், மேலே இரும்புக் கிராதி. குனிந்து பார்த்தால் உள்ளே ஒரே இருட்டு. மழையில் அவ்வளவு நேரம் நான் அங்கே நின்றது மூர்த்திக்காகத்தான்.

திரும்பி வந்தேன். உடம்பு அலுப்பு என்றேன். பிறகு மழை என்றேன், தீபாவளி என்றேன், பொங்கல் என்றேன், கடைசியில் வெயில் என்றேன். மேல்பட்டாம்பாக்கம் அப்படி என்ன தூரம்? கடலூரில் இறங்கி பண்ருட்டி பஸ் பிடித்தால் ஆயிற்று. அதைச் செய்யாமல், எடுத்த படங்களை எல்லாம் வாட்ஸப்பில் தள்ளிவிட்டேன். அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது. "மச்சான், படம் வந்து கெடக்குது. நான் தொறக்கல. நீ வந்து சொல்லு, அப்பறமா பாத்துக்கறேன். கெணறு இருந்துச்சா இல்லியான்னு போன்ல சொல்லிப்புடாத."

அவரிடம் சொல்லவில்லையே தவிர, மற்ற எல்லோரிடமும் சொன்னேன். அண்ணாமலை நகரில் காலையில் என்னோடு நடக்கிறவர்களிடம் சொன்னேன். பண்ருட்டியில் ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். சொல்லச் சொல்ல மெருகு ஏறியது. கிராதி வழியாக ஒரு கல்லைப் போட்டேன், சத்தம் வர வெகுநேரம் ஆயிற்று என்று சேர்த்துக்கொண்டேன். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். கேட்டவருக்கென்று கொண்டுவந்ததைக் கேட்காதவர்களுக்கு எல்லாம் பரிமாறிவிட்டு, அவரை மட்டும் காக்க வைத்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

காரியம் முடிந்து கூட்டம் குறைந்ததும் தங்கச்சி அவருடைய போனை எடுத்துக்கொண்டு வந்தது. "பையன் எல்லாத்தையும் அழிச்சிடறேங்கறான். ஒங்க படம் இருக்குதேன்னு குடுக்காம வச்சிருந்தேண்ணே." திறந்து பார்த்தேன். நான் அனுப்பிய படங்கள் ஒன்றுகூட இறக்கப்படாமல், வரிசையாக மங்கலாகக் கிடந்தன. "மச்சான் வரட்டும், மச்சான் வரட்டும்னே இருந்தாரு" என்றது தங்கச்சி. குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"நான் இப்ப சொல்லட்டுமா தங்கச்சி?" என்று கேட்டேன்.

"எனக்கு அதெல்லாம் வெளங்காதுண்ணே. ஆனா சொல்லுங்க. இந்த வூட்ல சொல்ல வேண்டியதுதான?"

சிதம்பரத்தில் கார் ஏறியதிலிருந்து சொன்னேன். ஊர், மடம், குன்று என்று கிணற்றுக்கு வந்ததும், பழக்கத்தில் அந்தக் கல் வாய்வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். "ஊரெல்லாம் கல்லு போட்டேன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். போடல தங்கச்சி. குனிஞ்சு பாத்தேன், அவ்ளோதான். தண்ணி இருந்துச்சான்னுகூடத் தெரியல" என்றேன்.

தங்கச்சி போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டது. பிறகு, "பிளேன்ல பக்கத்து சீட்ல யாருண்ணே? அத நீங்க சொல்லவே இல்லியே" என்று கேட்டது. ஒரு பக்கம் என் மனைவி. மறு பக்கம் இருந்தவரின் முகம்கூட எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மூர்த்தியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். அன்று திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவர் மடியில் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்தார். பெயர் கேட்டேன். எந்த ஊர், யாருக்குப் பழம், மகளை எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறார் என்று கடலூர் வரும்வரை ஒன்று விடாமல் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டேன். இறங்கி நின்ற பிறகுதான், இதைக் கொண்டுபோய்ச் சொல்ல மேல்பட்டாம்பாக்கத்தில் ஆள் இல்லை என்பது உறைத்தது.