போடிமெட்டுக்குப் போதுமான வெளிச்சம்

மாலையில் எல்லாரும் இறங்குவார்கள், நான் ஏறுவேன். ஏலக்காய்த் தோட்டங்களில் வேலை முடித்த பெண்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் போடிக்கும் ராசிங்காபுரத்துக்கும் திரும்பும் நேரத்தில், மேலே போடிமெட்டுப் பக்கம் இருக்கிற என் சின்னத் தோட்டத்துக்கு நான் தனியாக என் ஜீப்பை விரட்டிக்கொண்டிருப்பேன். மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது துணைக்கென்று பெங்களூருக்குப் போன மனைவி, பேத்தி நடக்கத் தொடங்கிய பிறகும் அங்கேதான் இருக்கிறாள். சண்டை ஒன்றுமில்லை. மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாள். பெங்களூரிலும் குளிர்தான்.

தோட்டத்து வீட்டில் போனுக்கு சிக்னல் கிடையாது. ஒரு நாளில் நான் மனிதரோடு பேசும் பேச்சில் பாதி, கொண்டை ஊசி வளைவுகளில்தான் நடக்கும். இறங்குகிற வண்டி ஓரமாக நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிடும்; இரண்டும் விளக்கைத் தணிக்கும்; கடக்கும்போது ஓட்டுகிறவர்கள் தலையை வெளியே நீட்டி ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வார்கள். எங்கும் எழுதி வைக்காத வழக்கம்.

"மேல மஞ்சு எறங்கிருச்சுண்ணே, பாத்துப் போங்க."

"கீழ கல்லு விழுந்து கெடக்கு, ஒதுங்கிப் போ மாப்ளே."

பின்னால் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண் சும்மா விடமாட்டாள்: "ஊரே வீட்டுக்குப் போகுது, இவரு மட்டும் காட்டுக்குப் போறாரு பாரு!" ஜீப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பை அடுத்த வளைவு வரைக்கும் வைத்துக்கொள்வேன்.

தார்ச்சாலை முடிந்து தோட்டத்துக்குத் திரும்பும் மண்தடத்தில்தான் தொல்லை. பழைய ஹெட்லைட் மங்கல். ஒரு மழை மாலையில் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது. தள்ளிவிட ஒரு கை இல்லாமல் நனைந்துகொண்டு நின்றேன். மறுநாளே போடியில் விளக்குக் கடைக்குப் போனேன்.

"தூரமா அடிக்கணுமா, அகலமா அடிக்கணுமா?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டும்."

"காட்டு மாட்டத் தேடப் போறீகளா?"

"வீட்டத் தேடப் போறேன்."

மஞ்சளும் இருந்தது, வெள்ளையும் இருந்தது. மஞ்சள் எனக்கு மங்கலின் தங்கை போலப் பட்டது. பெட்டி அட்டைகளில் வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் லூமன் எண் எதில் பெரிதோ அதையே தொட்டேன். கூரைமேல் நீளமான எல்.இ.டி. பட்டை, பழைய ஹெட்லைட் கூட்டுக்குள்ளும் எல்.இ.டி. பல்பு.

மண்தடத்தில் அது அற்புதம். ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் முளைத்தது. ஏல இலைகள் நரம்பு தெரிய நிமிர்ந்தன. பள்ளங்களுக்கு ஒளிய இடமில்லை. ஆனால் சாலையில், பனிமூட்டத்துக்குள், அந்த வெளிச்சம் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி என் முகத்திலேயே விழுந்தது. எதிரே வெள்ளைச் சுவர். பட்டையை அணைத்தேன். பல்புகளோ பழைய கூட்டுக்குள் கட்டுப்படவில்லை. தணித்தாலும் சிதறிப்போய் எதிரே வருகிறவர் கண்ணில் குத்தின.

வளைவுகளில் ஜீப்புகள் நின்றன. ஓட்டுநர்கள் கையால் கண்ணை மறைத்தார்கள். பெண்கள் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். நான் தலையை நீட்டினேன். வேறு யாரும் நீட்டவில்லை. ஒரு குரல் மட்டும் வந்தது:

"யோவ், லைட்ட அமத்துய்யா! கல்யாண ஊர்வலமா போற?"

அண்ணே போய் யோவ் வந்துவிட்டது. கோபித்துக்கொண்டார்கள் என்றே நினைத்தேன். வாரக்கணக்கில் ஒரு சொல் கிடைக்காமல் மலையேறினேன். பாதை முழுக்கத் தெரிந்தது. பாதையில் எனக்கென்று ஒருவரும் இல்லை. ஒரு நாள் தோட்டத்தில் தண்ணீர் மோட்டாரைப் பார்த்து, "நீயாவது சொல்லு" என்றேன். சத்தமாகவே. அதன் பிறகுதான் பயந்தேன்.

மறுபடியும் அதே கடை.

"என்னண்ணே, வெளிச்சம் பத்தலையா?"

"கூடிப்போச்சு."

இந்த முறை அட்டையைப் படிக்கவில்லை. கடைக்காரரை ஒவ்வொரு விளக்காக எரித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, எதிரே வருகிறவனாக நான் போய் நின்றேன். எந்த விளக்குக்குப் பின்னால் அவர் முகம் தெரிந்ததோ அதை எடுத்துக்கொண்டேன். மஞ்சள், அகலமாக விரிவது. முன்பக்கம் பம்பருக்குக் கீழே தாழ்வாக மாட்டச் சொன்னேன். ஹெட்லைட்டுக்குள் பழைய பல்பே திரும்பியது. கூரைப் பட்டை இனி மண்தடத்துக்கு மட்டும்.

அன்று மூட்டம் கனமாக இருந்தது. மஞ்சள் ஒளி தரையோடு ஊர்ந்தது. ஓரக் கற்கள் ஒவ்வொன்றாக வந்து, ஒவ்வொன்றாகப் போயின. வளைவில் ஒரு ஜீப் நின்று விளக்கைத் தணித்தது. ஓட்டுநரின் தலை நீண்டது.

"அண்ணே! என்ன ஆளையே காணோம்? மதினியப் பாக்கப் பெங்களூரு போயிருந்தீகளா?"

தினமும் இவனைக் கடந்துதான் போயிருக்கிறேன்.

"ஆமாப்பா."

"நல்ல நேரத்துல போனீக. எவனோ ஒரு கிறுக்கன் சூரியனக் கட்டிக்கிட்டுத் தெனம் இந்த வழியா வந்தான். யாரு எவருன்னே தெரியல. இன்னைக்கு அவனக் காணோம்."

"அவனும் ஊருக்குப் போயிருப்பான்" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "பேத்தி ஒங்கள அடையாளம் கண்டுக்கிச்சா?"

ஜீப்பில் இருந்த எல்லாரும் பதிலுக்காக என்னையே பார்த்தார்கள்.

"பாத்ததும் ஓடி வந்துச்சு" என்றேன்.