காலி ஃபில்டர்

என் அக்காவைக் கட்டிக்கொண்டு போனவரோடு பேசுவதில்லை என்று நான் முடிவெடுத்தபோது எனக்கு ஒன்பது வயது. முடிவை யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தது. தாலி கட்டிய கையோடு மாமா என் பக்கம் திரும்பிச் சிரித்தார். நான் மேளக்காரரைப் பார்த்தேன்.

ஆந்திரப் பக்கம் புத்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மீன் தொட்டி இருந்தது. அது அக்காவுடையது. மாமாவுக்குச் சொந்த ஊர் திருத்தணி, வேலை நாயுடுபேட்டையில் ஒரு கம்பெனியில். அங்கே குடித்தனம் போகும்போது அக்கா தொட்டியை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். ஐந்து தங்கமீன்களையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வேன் என்று நான் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவசரப்பட்டுவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்க ஆரம்பித்தன. பொய்ச் சத்தியம் செய்தால் யார் தலையில் அடித்தோமோ அவர்களுக்கு ஆகாது என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கே தெரியும். நாயுடுபேட்டையிலிருந்து போன் வந்தாலே ஓடிப்போய் அக்காவின் குரல் கேட்கிறதா என்று காதை வைப்பேன்.

தலை ஆடிக்கு அக்காவும் மாமாவும் வந்தார்கள். விருந்து சாப்பிட்டு ஓரிரு நாளில் மாமா கிளம்பிவிடுவார், அக்கா மாசம் முழுக்க எங்களோடு இருப்பாள் என்பதே எனக்குப் பாதி வெற்றி. ஆனால் அன்று காலையில்தான் மூன்றாவது மீன் போயிருந்தது. மிச்சமிருந்த இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"இதெல்லாம் நமக்கு வாணாம். இதுங்களும் பூட்ச்சின்னா தொட்டியக் கழுவி அரிசி கொட்டி வெச்சிக்கலாம்" என்றாள் அம்மா. அவளுக்கு அந்தத் தொட்டிமேல் முதல் நாளிலிருந்தே ஒரு கண்.

இலையில் உட்கார்ந்திருந்த மாமா உத்தரத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஃபில்டர் இல்ல, அதான். திருப்பதியில கடை கீது, வாங்கிக்கினு வந்துடலாம். ஆனா எனக்குத் தெலுங்கு வராதே. கூட யாராச்சும் வந்தா தேவல."

நைனா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மா அவர் இலையில் இன்னொரு வடையை வைத்ததும் மூடிக்கொண்டார். அக்கா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அவள் தோள்கள் குலுங்கின. மீனுக்காக அழுகிறாள் என்று நினைத்ததும் எனக்குத் தாங்கவில்லை. வகுப்பில் தெலுங்கில் நான்தான் முதல் மார்க். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். பேசமாட்டேன் என்றுதானே முடிவு, போகமாட்டேன் என்று இல்லையே.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார். வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். தின்பது பேசுவதில் சேராது என்பதால் தின்றேன்.

திருப்பதியில் பாதிக் கடைகளில் தமிழ் பேசுவார்கள். மீன் கடைக்காரர் நெல்லூர்ப் பக்கம், தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. மாமா கண்ணாடிப் பெட்டிகளை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, "எந்த ஃபில்டர் நல்லதுங்க?" என்று தமிழில் கேட்டார். தெலுங்கில் 'எந்த' என்றால் எவ்வளவு. கடைக்காரர் உடனே விலையைச் சொன்னார்.

"இன்னா இவரு, எதுன்னு கேட்டா வெலயச் சொல்றாரு?" என்று மாமா என்னைப் பார்த்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

தொட்டியின் அளவை மாமா கையால் காட்டினார். கடைக்காரர் புரிந்துகொண்டு, ஒரு கறுப்புப் பஞ்சையும் மெல்லிய குழாயையும் சின்ன மோட்டாரையும் எடுத்து வைத்தார். "தானிகி காலி ஃபில்டர் சாலு" என்று, அதுவே போதும் என்பதுபோலக் கையைக் காட்டினார்.

மாமாவின் முகம் மாறிவிட்டது. "காலி ஃபில்டரா? உள்ள ஒண்ணுமே இல்லாத ஃபில்டர் இன்னாத்துக்கு? ஏமாத்தப் பாக்குறாரு. வா, போலாம்" என்று படியில் இறங்கிவிட்டார்.

ஃபில்டர் இல்லாமல் வீட்டுக்குப் போனால் இரண்டு மீனும் போய்விடும். பிறகு அக்காவின் தலை. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ.

"ஐயோ மாமா! காலின்னா காத்து! தெலுங்குல காத்து! இது காத்து ஃபில்டர்!"

கடையே திரும்பிப் பார்த்தது. முடிவு உடைந்துபோனதை நான் கவனித்தபோது நேரம் கடந்துவிட்டது. சரி, உடைந்தது உடைந்ததுதான் என்று பேச்சில் இறங்கிவிட்டேன். மோட்டார் காற்றை அனுப்பும், காற்று மேலே போகும்போது தண்ணீர் பஞ்சு வழியாக வரும், அழுக்கு பஞ்சிலேயே தங்கிவிடும் என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். மாமா லேசில் மசியவில்லை. உள்ளே வைக்கிற பெரிய மோட்டார் ஃபில்டரைத் தூக்கிக்கொண்டு, "இதுதான் கெத்தா கீது" என்று நின்றார்.

"பெத்ததி வத்து பாப்பா, சேபலு கொட்டுகுபோதாயி" என்றார் கடைக்காரர்.

"பெருசு வாணாமாம். மீனு அடிச்சிக்கினு பூடுமாம்" என்றேன். "நம்ம தொட்டி இன்னா ஏரியா? மேல வந்து மேல வந்து வாயத் தொறக்குதுங்க மாமா. அதுங்களுக்குக் காத்துதான் வேணும்."

மாமா வெகுநேரம் யோசித்தார். பிறகு கேஸில் தோற்றவர்போலப் பெரிய ஃபில்டரைத் திருப்பி வைத்தார். "சரி. நீ சொன்னா சரி" என்றார். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை அது. எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது.

கடைக்காரர் பையைக் கொடுக்கும்போது தெலுங்கில் இன்னொன்றும் சொன்னார். மோட்டாரைத் தொட்டிக்கு மேலே உயரமாக வைக்க வேண்டும், கீழே வைத்தால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியே இறங்கி மோட்டாரைக் கெடுத்துவிடும். நான் பெரிய மனுஷிபோலத் தலையாட்டினேன். அதை மாமாவிடம் சொல்ல மறந்தும் போனேன். பஸ்ஸில் பேச எனக்கு வேறு விஷயங்கள் இருந்தன. கல்யாணத்திலிருந்து சேர்த்து வைத்த அத்தனையையும் புத்தூர் வரைக்கும் பேசினேன். மாமா கேட்டுக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா மோட்டாரை மேல் தட்டில் வைத்து, பஞ்சை மூலையில் இறக்கி, ஸ்விட்சை என்னைப் போடச் சொன்னார். குமிழிகள் சரம்சரமாகக் கிளம்பின. மறுநாள் சாயங்காலத்துக்குள் இரண்டு மீன்களும் கீழே இறங்கி நடுத்தண்ணீரில் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தன. இடையில் எத்தனையோ தடவை கரண்ட் போய் வந்தது, மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா அரிசிக்குப் புதிய டிரம் வாங்கினாள். அக்கா தூங்கும்போது அவள் தலையைத் தடவிப் பார்த்தேன். பத்திரமாக இருந்தது.

தசரா லீவில் நாயுடுபேட்டைக்குப் போனேன். ஆட்டோவை விட்டு இறங்கியபோது மாமா வாசலில் நின்று கீரைக்காரியிடம், "எந்த?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் விலை சொன்னாள். அவர் தெலுங்கிலேயே மடமடவென்று பேரம் பேசிப் பாதியாக்கினார். நான் வாயைப் பிளந்தேன். என்னைக் கண்டதும் மாமா பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "ஈ பாப்பே நாகு தெலுகு நேர்ப்பிந்தி" என்றார். எனக்குத் தெலுங்கு கற்றுக்கொடுத்தவள் இவள்தான் என்று அர்த்தம்.

பக்கத்து வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பாராட்டுகிறார் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். ஆடியிலிருந்து தசராவுக்குள் ஒரு மனிதரை இவ்வளவு தேற்றிவிட்டேனே என்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அந்தத் தெலுங்கு ஊர்க் கம்பெனியில் மாமா ஆறு வருஷமாக வேலை பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். நான் சொல்ல மறந்த மோட்டார் தானாகவே மேல் தட்டுக்குப் போனதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் அப்போது எனக்குத் தெரியவில்லை.