சகலையின் இடுப்பளவு

எங்கள் தெருத் தையல்காரருக்கு வயிறு எரிந்தால் அது மிஷின் சத்தத்திலேயே தெரியும். பக்கத்தில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கடைக்கும் நடுவே இடுப்பு உயரத்தில் ஒரு பலகைத் தடுப்புதான். மற்ற நாட்களில் சீராக ஓடும் மிஷின், அவருடைய சகலை வந்து போன நாளில் தடதடவென்று அடித்துக்கொள்ளும்.

சகலை, அவர் மனைவியின் அக்காவைக் கட்டியவர். எட்டு மாதத்துக்கு முன்னால் வீட்டில் ட்ரெட்மில் வாங்கிப் போட்டார். அப்போது இடுப்பு நாற்பது. பிறகு முப்பத்தெட்டு, அப்புறம் முப்பத்தாறு. ஒவ்வொரு தடவையும் பேண்ட்டின் இடுப்பைப் பிடித்துத் தர இவரிடமே வருவார். அடுத்தவர் இளைப்பதைத் தன் டேப்பாலேயே அளந்து, தன் நூலாலேயே தைத்துக் கொடுக்கும் கொடுமை யாருக்கும் வரக்கூடாது. போதாக்குறைக்கு, அக்கா வீட்டுக்காரர் புது மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார் என்று மனைவி சொல்லிவைத்தாள். அன்று இவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். பதினைந்து நிமிஷத்தில் பசி தாங்காமல் திரும்ப வந்து உட்கார்ந்ததையும் அவரேதான் சொன்னார்.

பேண்ட்டைப் பிடித்தால் மிச்சத் துணியை வெட்டிவிடுவது அவர் வழக்கம். சகலையின் பேண்ட்டில் மட்டும் வெட்டாமல் உள்ளேயே மடித்து விடுவார். ஏன் என்று கேட்டேன்.

"மறுபடி ஊதிட்டு என்கிட்டதானே வரணும்? அப்ப பிரிச்சு விட வேணாமா?" என்றார். சொல்லும்போதே முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஆனால் சகலை ஊதுவதாக இல்லை. கடைசியில் தையல்காரர் தானும் ஒரு உடற்பயிற்சி மிஷின் வாங்குவதென்று என்னையும் இழுத்துக்கொண்டு கடை ஏறினார். முதலில் உட்கார்ந்தே மிதிக்கும் சைக்கிள். நாள் பூரா தையல் மிஷினில் அதைத்தானே செய்கிறேன் என்று தள்ளிவிட்டார். அடுத்தது துடுப்புப் போடுவது போல இழுக்கிற மிஷின். நாலு இழுப்பு இழுத்தார். எழுந்திருக்க நான் கை கொடுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது ட்ரெட்மில். விற்பவர் மோட்டாரைப் பற்றிப் பேசிக்கொண்டே போக, இவர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து ஓடும் பட்டையை அளந்தார். அகலம் பதினெட்டு. பட்டையின் மூட்டை நகத்தால் நெருடி, இந்தத் தையல் நிற்காது என்றார். அது தையலே இல்லை, ஒட்டு என்றார் விற்பவர். எல்லாம் சரி, சகலை வீட்டுப் பட்டை எத்தனை என்று தெரியாமல் வாங்க மனம் வரவில்லை. அரை இஞ்ச் குறைந்துபோனாலும் ஆயுசுக்கும் தூக்கம் வராது அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டுக்குப் போயிருக்கிறார். சகலை குளிக்கப் போன நேரத்தில் அளந்தால், பதினாறுதான். அந்தக் குஷியில் ஏதோ பட்டனை அழுத்த, இதுவரை ஓடிய மொத்த தூரம் திரையில் வந்தது. எட்டு மாதத்துக்கும் சேர்த்துப் பதினோரு கிலோமீட்டர். மறுநாள் காலை அதைச் சொல்ல வாயெல்லாம் பல்லாக வந்தார். அப்படியென்றால் எப்படி இளைத்தார் என்று கேட்டேன். பட்டினி கிடந்திருப்பார் என்று சொல்லிவிட்டுப் போய் மிஷினில் உட்கார்ந்தார்.

புதன்கிழமை சகலை அதே பேண்ட்டோடு வந்தார். டேப் முப்பத்திநாலு காட்டியது. இவருக்கு வாய் சும்மா இருக்குமா?

"மொத்தமே பதினோரு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கீங்க போல, சகலை."

சகலை கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஓட முடியலை சகலை. ரெண்டடி வெச்சாலே மூச்சு வாங்குது. வயித்துல கட்டியாம். ரெண்டு மாசமா எனக்குத் தெரியும். வீட்ல எல்லாரும் மிஷினாலதான் இளைச்சேன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. நினைக்கட்டும்னு விட்டுட்டேன். அடுத்த வாரம் ஆபரேஷன், இனிமே சொல்லித்தான் ஆகணும்."

என் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தேன். சகலை பேண்ட்டின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார்.

"உள்ள துணி தடிச்சுக்கிட்டு இடுப்புல குத்துது. இந்தத் தடவை வெட்டிடுங்க. எனக்கு இனிமே எதுக்கு அது?"

தையல்காரர் கத்தரிக்கோலை எடுத்தார். தான் வயிற்றெரிச்சலில் மடித்துவிட்ட துணியைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கத்தரியை மேஜைக்குள் போட்டு மூடினார். மிஷினைத் தொடவில்லை. மிருதுவான பட்டி ஒன்றை மேலே வைத்து, குத்தாதபடி கையாலேயே தைக்க ஆரம்பித்தார்.

"வெட்ட மாட்டேன்," என்றார், தலையைத் தூக்காமல். "மறுபடி ஊதிட்டு என்கிட்டதானே வரணும்."