ராணிக்குக் கொள்ளு, செவலைக்குக் கும்பிடு

குதிரைச் சவாரித் தொழிலில் உள்ள ஒரே சங்கடம், சவாரி வராத நாளிலும் குதிரைக்குப் பசிக்கும் என்பதுதான். தொழிலுக்காக ஒரு வாயில்லா ஜீவனை வாங்கிவிட்டு, அப்புறம் அந்த ஜீவனுக்காகவே தொழில் செய்துகொண்டிருக்கும் அன்பர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். எழுபதுகளின் தொடக்கத்தில் மெரினாவில், காந்தி சிலைக்குப் பின்னால், குழந்தைகளைக் குதிரையில் ஏற்றி அலைவரை கூட்டிப்போய்க் கூட்டி வந்தவன் நான்.

கொள்ளும் ரசமும்

குதிரையின் பெயர் ராணி. குணத்தில் சாது, சாப்பாட்டில் பெயருக்கு ஏற்ற மாதிரி. கொள்ளு வேண்டும், பச்சைப்புல் வேண்டும், தேய்ந்தால் லாடம், வயிறு உப்பினால் வைத்தியர். கொள்ளு வேக வைத்த தண்ணீரில்தான் எங்கள் வீட்டில் தினமும் ரசம். உடம்புக்கு ரொம்ப நல்லது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி கஸ்தூரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சிந்தாதிரிப்பேட்டையில் மண்ணெண்ணெய் மாட்டுவண்டி ஓட்டும் என் மச்சினன் ஏழுமலை ஒரு யோசனையோடு வந்தான். வண்டியிலிருந்து அவிழ்த்துவிட்ட செவலை மாடு ஒன்று அவனிடம் சும்மா நின்றது. மாட்டுக்கு வைக்கோல் போதும், தவிடு கரைத்து வைத்தால் போதும், அதுவும் இல்லாவிட்டால் சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரைத் தின்றுவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்ளும். முதுகு என்னவோ இரண்டுக்கும் முதுகுதானே, சேணத்தை மாற்றிப் போட்டால் ஆயிற்று என்றான். கோடம்பாக்கத்தில் சினிமாவுக்குக் குதிரை கொடுக்கும் ஏஜெண்ட் ஒருவர் ஏற்கெனவே ராணியைக் கேட்டுக்கொண்டிருந்தார். சண்டைக் காட்சியில் காலில் கயிறு கட்டிக் குதிரையைக் குப்புற விழ வைப்பார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அந்த மனிதரைக் கண்டாலே நான் ராணியை வேறு பக்கம் ஓட்டிப் போய்விடுவேன். பொங்கல்வரை மாட்டை ஓட்டிப் பார்ப்பது, தேறினால் ராணியைக் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. முடிவு செய்தது கஸ்தூரி.

"குதிரைக்குக் கொள்ளு, நமக்கு அது வெந்த தண்ணி. எத்தினி நாளைக்குய்யா?"

முதல் கிராக்கி

செவலையைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, சேணம் போட்டு ராணிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். மயிலாப்பூர் மாமி ஒருவர் பையனோடு வந்தார். பையன் மாட்டைப் பார்த்ததும் அதில்தான் ஏறுவேன் என்று குதித்தான். எனக்கு ஒரு பக்கம் பகீரென்றது, இன்னொரு பக்கம் தொழில் புத்தி கையை நீட்டியது. பையனைத் தூக்கப் போனேன்.

மாமி என்னைத் தடுத்தார். செவலையை மூன்று முறை சுற்றி வந்து, பின்பக்கம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கூடையிலிருந்து ஒரு சீப்பு பூவன்பழத்தை அதன் வாயில் கொடுத்தார். தோல்கூட மிச்சமில்லை. ராணி பக்கத்தில் நின்று மூக்கை நீட்டியதை யாரும் கவனிக்கவில்லை.

"ஸ்வாமியோட வாகனம்டா, அதுமேல மனுஷா உக்காரப்படாது. நோக்கு இந்தக் குதிரை போறும், ஏறு."

மாடு சொன்ன யோசனை

மார்கழி பிறப்பதற்குள் செவலைக்கு முதுகு பளபளத்தது. அமாவாசைக்கு அகத்திக்கீரை, வெள்ளிக்கிழமை வெல்லம் கலந்த அரிசி. எல்லாம் ஓசி. ஏழுமலை சொன்ன செலவுக் கணக்கு அப்பட்டமாகப் பலித்தது. வரவைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் காற்று வாங்க வந்தவர், வர்ணக் கொம்பைப் பார்த்து என்னைப் பூம்பூம் மாட்டுக்காரன் என்றே நினைத்துவிட்டார். சவாரி மாடு என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் செவலையின் காதருகே குனிந்து, அடையாறில் இன்னொரு கடை போடலாமா என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து மூக்கில் ஈ உட்கார, செவலை தலையை மேலும் கீழும் ஆட்டியது. மனிதர் முகம் மலர்ந்து, காரிலிருந்து ஒரு துணியை எடுத்து வந்தார்.

"மாடே தலையாட்டிட்டு, பொறவு என்ன யோசன? கடையத் தொறந்துர வேண்டியதுதான். இந்தாங்க தம்பி, வேட்டி பழசு, ஆனா கிழிசல் கெடையாது."

ஏறியவர் ஒருவர்

வேட்டியில் கிழிசல் இருந்தது. அது போகட்டும். மாட்டின்மேல் ஏறியே தீருவேன் என்று துணிந்து வந்தவர் ஒருவர்தான், பக்கத்துக் குப்பத்து இளைஞர். பாவ புண்ணியம் பார்க்காமல் காசைக் கொடுத்து ஏறினார். கூட்டாளிகள் கைதட்டினார்கள். நான் கயிற்றைப் பிடித்தேன்.

செவலை நாலடி வைத்தது. எதிரே ஒரு அம்மாள் குடத்தோடு வந்தார். செவலை நின்றுவிட்டது. அவர் போனதும் நடந்தது. சுண்டல் தூக்குக்காரரைக் கண்டு மறுபடி நின்றது. பாத்திரத்தோடு யாரைப் பார்த்தாலும் மண்ணெண்ணெய் வாங்க வந்தவர்கள் என்றே அதற்கு எண்ணம். கடற்கரையில் பாத்திரம் இல்லாத ஆளே இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதி வழியில் அவர் குதித்து இறங்கிவிட்டார்.

"இன்னா நைனா இது, மாடா பஸ்ஸா? ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நின்னுகினே கீது."

கஸ்தூரி ஏறிய கதை

பொங்கலுக்கு முந்தின வாரம் கோடம்பாக்கத்து ஏஜெண்ட் கையில் கயிற்றோடு கடற்கரைக்கே வந்துவிட்டார். ஏழுமலை விடவில்லை. ஜனங்களுக்குப் பயம்தான், குடும்பப் பெண் ஒருத்தி ஏறிக் காட்டினால் எல்லாரும் ஏறுவார்கள், அக்காவே ஏறட்டும் என்றான். கஸ்தூரியும் சரி என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவள் ஏறினால் ராணி போய்விடும். நான் ராணியின் பிடரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கஸ்தூரி மரப்பெட்டியின்மேல் ஒரு காலை வைத்தாள். செவலை திரும்பி அவள் கையை நக்கியது. அவள் காலை எடுத்துவிட்டாள். குனிந்து மாட்டின் குளம்பைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்படியென்றால் மாட்டைத் திருப்பி ஓட்டிப் போகிறேன் என்று ஏழுமலை எரிந்து விழுந்தான். அடிமாட்டுக்குத்தானே என்று கஸ்தூரி கேட்டாள். அவன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஏஜெண்டையும் போகச் சொல்லிவிட்டாள். எனக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செவலையையும் கடற்கரைக்கு ஓட்டி வந்தால் ஓசித் தீனியாவது மிஞ்சுமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். சாமியைக் காட்டிப் பிச்சை எடுப்பதா என்று முறைத்தாள். மறுநாளிலிருந்து பூவன்பழம் நின்றது. கொள்ளுத் தண்ணீர் செவலையின் தொட்டிக்குப் போயிற்று. தட்டில் வெறும் சோற்றைப் பார்த்து, ரசம் எங்கே என்று கேட்டேன்.

"சாமி குடிச்சிட்ச்சி. நீ மோர ஊத்திகினு துன்ட்டு, ராணிய ஓட்டிகினு கெளம்பு."

ஏறுவதற்கு எது மலிவு, குதிரையா மாடா என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: எதை வாங்கினாலும் கடைசியில் ஏறி உட்கார்வது அது, சுமப்பது நாம்.