ஒரு ரோஜரும் நாலு தண்ணீர் கேனும்

ராணுவத்தில் சிக்னல்காரனாக இருந்தபோது ஆப்பிரிக்காவில் ஒரு மொட்டை மலைமேல் இரண்டு வருடம் கிடந்தேன். ஊர்ப் பெயரைச் சொன்னால் உங்கள் வாயில் நுழையாது. மலை என்றதும் நம் கல்வராயன் மலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே ஓடை உண்டு, கடுக்காய் மரம் உண்டு. அங்கே வெறும் கல். அதன்மேல் ஒரு ஆன்டெனா, ஒரு ஜெனரேட்டர், ஒரு தகரக் கொட்டகை, ஆறு ஆட்கள். அமைதிப் படை, உலக அமைதி அது இது என்று பெரிதாகப் பேசுவார்கள். நாங்கள் அதிகம் செய்தது தண்ணீர் தூக்கும் வேலைதான்.

தண்ணீர் லாரி அடிவாரத்தோடு நின்றுவிடும். ஆளுக்கு தினம் நாலு கேன் மேலே ஏற்ற வேண்டும். முதல் வாரத்திலேயே எனக்கு முட்டி போய்விட்டது.

எங்களில் தமிழ் பேசுகிறவன் என்னைத் தவிர ஒரு வேலூர்க்காரன்தான். கல்யாணமாகாதவன். என் பெட்டியில் இருந்த போட்டோவைப் பார்த்து, "யார்ரா இது?" என்றான். தங்கச்சி என்றேன். மறுநாள் என் நாலு கேனையும் அவனே தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"இன்னா மச்சான், முட்டி எப்டிக்கீது?"

நானும் மடையன் மாதிரி, "அவ உனக்குத்தாண்டா" என்று சொல்லிவிட்டேன். ஏழு மாதம் கழித்து அப்பாவுக்கும் கடிதம் போட்டேன். தங்கையைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. தோன்றியிருந்தால் கேனை நான்தான் தூக்கியிருப்பேன். போதாததற்கு, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றும் என் முறையையும் அவன் தலையில் கட்டினேன்.

மாதம் ஒருமுறை ஆளுக்கு மூன்று நிமிடம் வீட்டோடு பேசலாம். எங்கள் ரேடியோ டெல்லிக்குப் போகும், அங்கிருந்து டெலிபோனில் சேர்ப்பார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச முடியாது. ஒருவர் முடித்து 'ஓவர்' என்றால்தான் மற்றவர் குரல் போகும். பதில் சொல்கிறவன் முதலில் 'ரோஜர்' என்பான். நீ சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். கப்பல் ஏறுவதற்கு முந்தைய லீவில் இதையெல்லாம் வீட்டில் பெருமையாக விளக்கினேன். அப்பா தூங்கிப்போனார். தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள்.

எட்டாவது மாதம் ஒரு ஞாயிறு காலை சின்னசேலத்தில் ஒரு அரிசி மில் போனுக்கு அப்பாவும் தங்கையும் வந்திருந்தார்கள். இந்தப் பக்கம், கட்டிக்கொள்ளப் போகிறவளின் குரலைக் கேட்க வேலூர்க்காரன் ஷேவ் பண்ணி, பவுடர் போட்டு, என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. "நீ எழுதனது வந்துச்சு. அந்த ஆளு எனக்கு வாணாம். மூங்கில்துறைப்பட்டு சக்கர மில்லுக்கு டிராக்டர் ஓட்டறாரு ஒருத்தரு. கரும்பு வெட்டப் போன எடத்துல பாத்தது. அவரத்தான் கட்டிக்குவேன். நீ சரின்னா சரின்றாரு அப்பா..."

நான் பேசுகிற சுவிட்சை அழுத்தி அழுத்திக் கத்தினேன். ஒன்றும் போகாது என்று தெரிந்தே கத்தினேன். இரண்டரை நிமிடம் பேசிவிட்டு, நிதானமாக "ஓவர்" என்றாள்.

என் தொண்டை முழுக்கக் கெட்ட வார்த்தை. ஆனால் நாக்கு ராணுவத்துடையது. "ரோஜர்" என்றது. அடுத்து 'முடியாது' என்று சொல்ல வேண்டும். 'மு' வருவதற்குள் செட்டில் விளக்கு அணைந்தது. ஜெனரேட்டர் நின்றுவிட்டது. டீசல் இல்லை. ஊற்ற வேண்டியவன் பவுடரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அவன் மெதுவாக எழுந்தான். "நாயக், ஒன் டீசல நீயே ஊத்திக்க" என்றான். மச்சான் போய், பதவிப் பெயரான நாயக் வந்துவிட்டது. சாயங்காலம் நாலு காலி கேன் என் கட்டில்மேல் கிடந்தது.

கண்டபடி திட்டி வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். அது கல்யாணம் முடிந்து போய்ச் சேர்ந்தது. லீவு கிடைத்ததும், சின்னசேலத்தில் ரயிலை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் பஸ் மாறி மாறி மூங்கில்துறைப்பட்டுக்குப் போனேன். தங்கை வீட்டு வாசலிலேயே ஆரம்பித்தேன்.

"நான் எப்படி சரின்னேன்? அப்பாகிட்ட இன்னா பொய்டி சொன்ன?"

"பொய்யா? இன்னாம்மா சொன்னான்னு கேட்டாரு. ரோஜர்னா கேட்டுக்கினேன்னு அர்த்தம், நீதான சொல்லிக்குடுத்த? அண்ணன் கேட்டுக்கினான்ப்பான்னேன். அவரு நீ ஒத்துக்கினன்னு நெனச்சிக்கினு தட்டு மாத்திட்டாரு. அதுக்கு நான் இன்னா பண்றது?"

"அவன் எட்டு மாசம் எனக்குத் தண்ணி தூக்குனாண்டி!"

"அப்ப நீயே கட்டிக்க. நான் இன்னா கேனா, கை மாத்தி வுடறதுக்கு?"

என் பெருவிரல் தானாகச் சுவிட்சைத் தேடியது. அங்கே சுவிட்ச் எதுவும் இல்லை, யாரும் ஓவர் சொல்லத் தேவையில்லை. உள்ளே இருந்து டிராக்டர்காரர் வந்தார். "வாங்க மச்சான், ஒக்காருங்க" என்று ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். வேறு என்ன செய்வது, வெயில்.

லீவு முடிந்து மறுபடி அந்த மலை. அடிவாரத்தில் லாரி பக்கத்தில் வேலூர்க்காரன் நின்றிருந்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"தங்கச்சி நல்லாக்கீதா?"

அவன் வாயில் அவள் தங்கச்சியானது அன்றைக்குத்தான். நல்லா இருக்குது என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு, அவனுடைய நாலு கேனையும் என் பக்கம் தள்ளினான். எட்டு மாதம் தூக்கினேன்.